ராஜமதி அக்காவின் நான்காவது கேள்வி

செய்தி வந்தபோது நான் ஒரு மயிலின் கழுத்தை வளைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் புடவையின் கரையில் வரப்போகும் மயில். கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக நிறம் நிரப்புகிற வேலை. காலை பதினொரு மணி இருக்கும். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் மாலா போன் செய்து, "அக்கா, நம்ம ஈ.சி.ஜி. ராஜமதி அக்கா தவறிட்டாங்க" என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி "எப்போது" இல்லை, "எப்படி" கூட இல்லை. "ஹார்ட்டா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. வயித்துல கட்டியாம். நாலஞ்சு மாசமா வச்சுக்கினு இருந்திருக்காங்க. யாருக்கும் சொல்லல."

இதயம் இல்லை என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைத்துவிட்டு எழுதினால் இந்த அஞ்சலிக்கே அர்த்தமில்லை. ஆறு வருஷமாக என் இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று எனக்குச் சொல்லி வந்தவர் அவர். அவரே இதயம் நின்று போயிருந்தால் அவர் சொன்ன சொல் என்ன ஆவது என்றுதான் என் மனம் முதலில் ஓடியது. அப்புறம்தான் அழுகை வந்தது. அழும்போது வெட்கமாகவும் இருந்தது.

மாடியில் இருந்த அந்தச் சின்ன அறையின் பச்சை ரெக்சின் கட்டிலில் ஒரு முறையாவது படுத்து எழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நெஞ்சில் ஒட்டும் உலோகக் கிண்ணங்களை முதலில் தன் உள்ளங்கைக்குள் பொத்திச் சூடேற்றிவிட்டுத்தான் நம்மேல் வைப்பார். பெண்கள் என்றால் வெளுத்த சால்வை ஒன்றைப் போர்த்திவிட்டு, அதற்குள்ளேயே கைவிட்டு வேலையை முடித்துவிடுவார். இதயத்தைக் காட்ட வருகிறவர்களை மாடி ஏறச் சொல்லும் ஆஸ்பத்திரி உலகத்தில் இது ஒன்றுதான் என்று நான் ஒரு முறை புலம்பியதற்கு, "ஏறட்டும்மா. ஏறி வர்றதைப் பாத்தாலே எனக்குப் பாதி தெரிஞ்சுடும்" என்றார். கதவருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். வந்தவர்களைப் பத்து நிமிஷம் உட்காரவைத்த பிறகுதான் கட்டிலில் ஏற்றுவார்.

நான் முதன்முதலில் அந்தப் படியேறியது என் நாற்பத்திரண்டாவது வயதில். மேஜையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளும். மீன் தொட்டியில் மீன் புரளுமே, அதுபோல. ஒரு நொடி எதுவுமே இல்லாத மாதிரி இருக்கும். அடுத்ததாகத் தொண்டை வரைக்கும் ஓங்கி ஓர் அடி விழும். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று தொடங்கி, மாதக் கடைசியில் பத்து, இருபது என்று ஆகிவிட்டது. வீட்டில் சொன்னால் பெரிதுபடுத்துவார்கள் என்று நானே தனியாகப் போய்ப் படுத்தேன்.

அன்று நான் செய்த கூத்தை எங்கள் ஊரில், எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்ய முடியும். புடவை டிசைனை நான் கற்றுக்கொண்டது கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்தில். கிராஃப் தாளில் ஒரு கட்டம் என்பது ஓர் இழை. பென்சிலால் புள்ளி வைத்து அன்னத்தையும் யாளியையும் வரைந்து கொடுப்போம். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். தறிக்கு மேலே அந்த அட்டை சுற்றிச் சுற்றி வரும். கிராஃபில் ஒரு புள்ளி தவறினால் அந்தத் தவறு கரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். புதிதில் நான் ஓர் அன்னத்தின் அலகை ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டேன். மூன்று முழம் நெய்த பிறகுதான் நெசவாளர் கண்டுபிடித்தார். மூன்று முழத்திலும் வரிசையாக உதடு பிளந்த அன்னங்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து கிராஃப் தாள் என்றால் எனக்குப் பயமும் உண்டு, பக்தியும் உண்டு.

ராஜமதி அக்கா கிழித்துக் கொடுத்த ஈ.சி.ஜி. காகிதமும் கிராஃப் தாள்தான். சின்னக் கட்டம், ஐந்து கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு. டாக்டர் கூப்பிடும் வரை சும்மா இருப்பேனா? பையிலிருந்து பென்சிலை எடுத்து எண்ணத் தொடங்கினேன். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே நான்கு பெரிய கட்டங்கள். நன்றாக வந்துகொண்டிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் இரண்டரைக் கட்டத்திலேயே அகலமாக, கோணலாக ஒரு துடிப்பு. அதற்குப் பின்னால் ஐந்தரைக் கட்டம் காலி. தவறிய புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டேன். பத்து விநாடித் தாளில் ஒன்று என்றால் நிமிஷத்துக்கு ஆறு, மணிக்கு முந்நூற்று அறுபது என்று தாளின் ஓரத்தில் பெருக்கிக்கொண்டே போய், ஒரு வருஷத்துக்கு வந்து நின்றபோது கணக்கு முப்பத்தொரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அட்டை சுற்றுகிறது, இனி ஆயுசு முழுக்க இந்தக் கோணல் வரும் என்று முடிவே செய்துவிட்டேன்.

அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். நான் புடவை டிசைன் போடுகிறவள் என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டவர், பெருக்கல் கணக்கைக் கண்டதும் சிரித்துவிட்டார். "கரைன்னு நெனைச்சுக்கினியாம்மா இதை?" என்று கேட்டு, என்னை மறுபடி படுக்கவைத்து, நீளமாக இன்னொரு தாள் ஓடவிட்டார். கட்டிலிலிருந்து தரை வரை தொங்கியது அது. எண்ணிப் பார் என்று கையில் கொடுத்தார். எண்ணினேன். ஒரே ஒரு கோணல்கூட இல்லை.

"இது திரும்ப வந்துதான் ஆகணும்னு ஒண்ணும் இல்ல, செல்வி. எப்பவோ ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னாடி வந்துடும். அதுக்கப்புறம் கொஞ்சம் நின்னு, அடுத்தது பலமா அடிக்கும். நீ நடுங்குறியே, அது அந்த நல்ல துடிப்பைப் பாத்துதான்."

டாக்டரும் அதையேதான் வேறு வார்த்தைகளில் சொன்னார். எக்கோ எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. இந்த மாதிரித் துடிப்பு அநேகம் பேருக்கு வரும், பலர் உணர்வதுகூட இல்லை, தூக்கமும் காபியும் கவலையும் கூடக் குறைய ஆகும்போது இதுவும் கூடக் குறைய ஆகும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நம்பியது என்னவோ தரை வரை தொங்கிய அந்தத் தாளைத்தான்.

இறங்கும்போது அக்கா ஒரு பழைய ஈ.சி.ஜி. தாளின் பின்பக்கத்தில் நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தார். எப்போது வந்தது. என்ன செய்துகொண்டிருந்தாய். எவ்வளவு நேரம் இருந்தது. கூட என்ன வந்தது. நாள் முழுக்க மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்காராதே, வந்தால் இந்த நான்கையும் எழுது, எழுதிவிட்டு வேலையைப் பார் என்றார். நான்காவது கேள்வியின் மேல் விரலை வைத்து ஒன்று சொன்னார். அவரிடம் போனவர்கள் எல்லாரும் இதைக் கேட்டிருப்பீர்கள்.

"மயக்கம், கண்ணு இருட்டறது, நெஞ்சு வலி, மூச்சு முட்டறது, இதுல ஒண்ணு கூட வந்துச்சுன்னா நோட்டு எழுதிக்கினு இருக்காத. வண்டி ஏறி வந்துடு."

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. ஒரு முழு நோட்டில் கட்டம் போட்டு ஒரு மாதம் எழுதினேன். ஒரு நாளைக்குப் பதினான்கு பதிவுகள் வரைக்கும் போனது. கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா தன் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். மாலை ஐந்து மணி. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம் அவருடையது. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிக்கிற பழக்கம். ஷேர் ஆட்டோ பிடித்து வீடு போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும் என்பதால் அந்த அறையிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். எலுமிச்சை சாதத்தைப் பிசைந்துகொண்டே இடது கையால் பக்கங்களைப் புரட்டினார். "இந்த நோட்டுல உன் வீட்டுக்காரர் பேரு ஒரு தடவகூட இல்ல. பாவம், அவர் மேல பழி போட முடியாது. காபி மட்டும் பக்கத்துக்குப் பக்கம் இருக்குது" என்றார். அது உண்மைதான். ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் குடித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் டிசைன் கேட்டு வரும் நாட்களில் ஏழு. இரண்டாகக் குறைத்தேன். ராத்திரி ஒன்பது மணிச் சாப்பாட்டை ஏழுக்குக் கொண்டுவந்தேன். சளிக்கு மருந்துக் கடையில் நானாக வாங்கிப் போடும் மாத்திரையையும் டாக்டரைக் கேட்டு நிறுத்தினேன். பதினான்கு இரண்டாகி, பிறகு வாரத்துக்கு ஒன்று இரண்டு ஆனது.

முற்றிலும் நிற்கவில்லை. பயமும் நிற்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் வைகாசி கருட சேவையில், காலை வெயிலில், கோபுர வாசல் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டேன். முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் வரவும் முடியவில்லை. பெருமாளின் குடை தெரிந்ததும் கூட்டம் ஒரு தள்ளு தள்ளியது. நெஞ்சு படபடவென்று ஓடத் தொடங்கியது. பெருமாளைப் பார்க்காமல் போனை எடுத்து ராஜமதி அக்காவை அழைத்தவள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஓரமாகப் போய் எங்கேயாவது உட்கார் என்றார். பூக்கடைப் பலகையின் விளிம்பில் உட்கார்ந்தேன். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும் என்றார். அப்புறம் கேள்விகள். நான்காவதுக்கு, "பயம்க்கா, பயம்தான் கூட வந்தது" என்றேன்.

"பயம் கூட வரலம்மா. அதுதான் மொதல்ல வந்துச்சு. துடிப்பு அது பின்னாடி வந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தார். அந்தப் பக்கம் அவருடைய மெஷின் தாளைத் தள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என்னோடு பேசிக்கொண்டே வேறு யாருக்கோ எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் மூச்சு அடங்கியது.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி. இந்த வருஷம் பொங்கல் கழிந்த பிறகு வேறொன்று தொடங்கியது. எங்கள் வீட்டு மாடிப்படி ஏறும்போது துடிப்பு வேகமெடுத்தது. ஒரு நாள் ஏழாவது படியில் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தெளிந்தது. அடுத்த வாரமும் அப்படியே. நோட்டை எடுத்தேன். மூன்று கேள்விகளுக்கும் எழுதினேன். நான்காவதைக் காலியாக விட்டேன்.

ஏன் என்று உங்களுக்குத் தோன்றும். ஆறு வருஷமாக நான் ஆபத்தில்லாத வகை. அது எனக்குக் கிடைத்த பட்டம். காபி டம்ளரைக் கீழே வைத்துச் சம்பாதித்தது. கண் இருட்டியது என்று வாயைத் திறந்து சொன்ன நிமிஷத்தில் அந்தப் பட்டம் போய்விடும். அது போய்விட்டால் எந்த வகையில் போய் விழுவேன் என்று தெரியாது. சொல்லாத வரைக்கும் அது நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்று பட்டது. படித்தவள், கணக்குத் தெரிந்தவள், இந்த யோசனையோடுதான் அக்காவிடம் போனேன்.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டின் திருப்பத்தில் கொஞ்சம் நின்றேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போன் பார்ப்பதுபோல் நின்றேன். உள்ளே போனால் அக்கா ரொம்ப இளைத்திருந்தார். ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. நான், கடவுளே, அவரிடம், "சூப்பரா எளைச்சிட்டீங்கக்கா, என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். "பொழுதோட சாப்புடறேன் இல்ல, அதான்" என்றார். கிண்ணங்களை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். அன்று அவை வழக்கத்தைவிட ஜில்லென்று இருந்தன. அவர் கையில் சூடில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. என் காது முழுக்க என் நெஞ்சுக்குள்தான் இருந்தது.

தாள் ஓடியது. ஒரு கோணலும் இல்லை. அக்கா தாளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "கூட என்ன வந்துச்சு?" என்றார்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

உடனே அடுத்த பேச்சுக்குப் போகிறவர் அன்று போகவில்லை. தாளை மடித்துக்கொண்டே, "இது நீ படுத்திருந்த நேரத்துக் கதையைத்தான் சொல்லும். நீ நடக்கறப்போ என்னான்னு நீதான் சொல்லணும்" என்றார். நான் தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன். வாசலில் வைத்து, "எப்போ தோணுனாலும் வா. நான் லீவுல இருந்தாலும் மெஷின் இருக்கும்" என்றார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அந்த வாரத்தில் ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து எனக்கு இரண்டு முறை அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை.

துக்கம் விசாரிக்கத் திருப்பருத்திக்குன்றம் போனேன். பஸ்ஸில் போகும்போது வழி முழுக்க நெஞ்சு படபடத்தது. அவருடைய கணவர் ஜினதாஸ் நிலம் பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். வேப்ப மரத்தடியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்பு வரைக்கும் அக்கா வேலைக்குப் போனார் என்றார். ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நானும் கேட்டேன்மா. வந்து படுக்கறவங்க என்னைப் பாத்துப் பயந்துட்டா துடிப்பு ஏறிடும், தாளு தப்பா வரும்னு சொன்னா."

நான் எழுந்து விடைபெறும்போது, "டிசைன் போடற செல்வி அம்மா நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்சம் தயங்கினார். "ஒரு நாள் வந்து ரொம்ப விசனமா இருந்தா. அந்தம்மா படி திருப்பத்துல நின்னு நின்னு ஏறுச்சு, கேட்டா ஒண்ணும் இல்லன்னுது, டாக்டர்கிட்ட சொல்லி ரெண்டு தடவ போன் போடச் சொன்னேன், எடுக்கலன்னு சொல்லிக்கினு இருந்தா. போய்க் காட்டினீங்களாம்மா?"

அவர் மனைவி போய் மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அந்த மனிதர் என்னைக் கேட்கிறார், போய்க் காட்டினீர்களா என்று. உள்ளுக்குள் அத்தனை பெரிய வலியை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, நான் படியில் நின்றதை அக்கா பார்த்திருக்கிறார். எதிரே நின்றுகொண்டு அவர் உருகிப்போயிருப்பதை நான் பார்க்கவில்லை. இல்லை என்று ஜினதாஸிடம் சொன்னேன்.

மறுநாள் காலை டாக்டரிடம் போனேன். ஏழாவது படி, கண் இருட்டியது, காலியாக விட்ட கட்டம், எல்லாவற்றையும் சொன்னேன். முன்பே வந்திருக்க வேண்டும் என்று கோபித்துக்கொண்டார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ரத்த அளவு மிகவும் குறைந்திருந்தது. ஒரு வருஷமாக மாதவிலக்கில் அதிகம் போய்க்கொண்டிருந்ததையும் அப்போதுதான் சொன்னேன். படபடப்புக்கும் மயக்கத்துக்கும் இதுவே காரணமாக இருக்கலாம், ஆனால் அப்படியே விட முடியாது, ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்துவிடுவோம் என்றார். மாடிக்குப் போகும் வழியில் திருப்பத்தில் நின்றேன். இந்த முறை போன் பார்ப்பதுபோல் நடிக்கவில்லை. பச்சைக் கட்டில் அங்கேயேதான் இருந்தது. புதிதாக வந்திருக்கும் பெண் நெஞ்சில் ஐந்தாறு வில்லைகளை ஒட்டி, ஒயர்களை மாட்டி, கையளவு கருவி ஒன்றை இடுப்பில் கட்டிவிட்டாள். இருபத்துநாலு மணி நேரம் கழற்றக் கூடாது. கூடவே ஓர் அச்சடித்த தாளும் கொடுத்தாள். ஏதாவது தெரிந்தால் எழுத வேண்டுமாம். நேரம், செய்துகொண்டிருந்த வேலை, எவ்வளவு நேரம், உடன் இருந்த தொந்தரவு.

நான்கு கட்டங்கள். அவள் கை சூடாக இருந்தது என்பதை மட்டும் கவனித்தேன். சாப்பிட்டாயாம்மா என்று கேட்டேன், இன்னும் இல்லை என்றாள்.

இதை அந்தக் கருவியைக் கட்டிக்கொண்டுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலை கழற்றுவார்கள், முடிவு தெரிய இரண்டு நாள் ஆகும். பயமாகத்தான் இருக்கிறது. ராஜமதி அக்கா எனக்கு விட்டுப்போனது தைரியம் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அவரே அதைப் படித்தால் சிரிப்பார். தைரியம் எனக்கு வரவில்லை. என்னிடம் இருப்பது அவருடைய நான்காவது கேள்வி. இனி அதைக் காலியாக விடுவதில்லை என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். சற்று முன் தாளில் இன்றைய முதல் பதிவைப் போட்டேன்.

மாலை நான்கு மணி பத்து நிமிஷம். ராஜமதி அக்காவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு துடிப்பு. கூட வந்தது, அழுகை.